ஹேண்டில் பார் உயர்ந்தால் கைவலி போகுமா?

போன மாத சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ராக்கெட் பற்றி எழுதியிருந்தான். நான் எழுதப்போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. எங்க அப்பா ஓட்டும் பைக்கின் ஹேண்டில் பாரைப் பற்றித்தான். "அதுல எழுத என்னடி இருக்கு?" என்று எங்க அம்மாவே கேட்டாங்க. இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

எங்க அப்பா சேல்ஸ்மேன். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டுக்குக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பார். காலையில் விழுப்புரத்தில் கிளம்பினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, மயிலம், கடைசியில் திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். போய் வந்து, நடுவில் ஊருக்குள்ளே நுழைந்து சுற்றுவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஆகிவிடும். ராத்திரி அவர் ஆர்டர் நோட்டைப் பார்த்து வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருவது என் வேலை. என் கையெழுத்து நல்லா இருக்கும் என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது. (இந்தச் சுவர் இதழில் எழுதும் வேலையும் அதனால்தான் வந்தது.)

போன ஆடி மாசத்தில் இருந்து அப்பாவின் எழுத்து கெட்டுப்போக ஆரம்பித்தது. 6 எது 0 எது என்று தெரியவில்லை. 1 போட்டால் 7 மாதிரி வால் வளைந்து இருக்கும். ஒரு நாள் 10 டஜன் என்று இருந்ததை நான் 70 டஜன் என்று எழுதிவிட்டேன். சரக்கு போய் இறங்கியது, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார், வண்டி வாடகையை அப்பா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். நான் அழுதேன். அப்பா திட்டவில்லை. "உன் தப்பு இல்ல பாப்பா, என் விரல் ரெண்டும் மரத்துப்போவுது" என்றார். அப்போதுதான் எங்களுக்கே தெரியும். சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து மோதிர விரலும். திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் பஞ்சு மாதிரி ஆகிவிடுமாம். பேனா பிடித்தால் பிடித்தது போலவே இருக்காதாம்.

அம்மா வற்புறுத்தி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாங்க. நானும் போனேன். சர்க்கரை வியாதி இருந்தாலும் கை மரத்துப்போகும் என்பதால் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. பிறகு டாக்டர், "என்ன வேலை பாக்கறீங்க? என்ன வண்டி ஓட்டறீங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் வண்டியைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். பெஞ்சு விளிம்பில் முழங்கை இடித்து 'கரண்ட் ஷாக்' அடித்தது போல சுண்டு விரல் வரைக்கும் ஜிவ்வுன்னு போகும் இல்லையா? நாம எல்லாருமே இடிச்சிக்கிட்டு இருக்கோம். அங்கே ஓடுவது அல்நார் நரம்பு. அது முழங்கையைச் சுற்றி இறங்கி, சுண்டு விரல் பக்கத்து உள்ளங்கை மேட்டின் வழியாகப் போய், சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. உள்ளங்கை மேட்டில் அதற்கு மேலே கனமான சதைப் பாதுகாப்பு கிடையாது. உடம்பின் எடையை அந்த மேட்டில் வைத்து மணிக்கணக்காக அழுத்தினால், அதோடு இன்ஜின் அதிர்வும் சேர்ந்தால், நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும் பந்தயக்காரர்களுக்கும் இதே தொல்லை வருமாம். கவனிக்காமல் விட்டால் விரலில் பலமே குறைந்துவிடும் என்றும் சொன்னார்.

சரி, அப்பா ஏன் கையில் எடையை வைக்கிறார்? அதற்கு வண்டியைப் பார்க்க வேண்டும். அது செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்த அண்ணன் ஸ்டைலுக்காக கம்பெனி ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, நேராகத் தட்டையாக இருக்கும் குட்டை ஹேண்டிலைப் போட்டிருந்தார். வாங்கும்போது அப்பாவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. விலை குறைவு, அவ்வளவுதான் பார்த்தார். அந்த ஹேண்டிலைப் பிடிக்க வேண்டுமென்றால் முன்னால் குனிந்தே ஆக வேண்டும்.

குனிந்தால் என்ன ஆகும் என்பதை நான் வீட்டிலேயே சோதனை செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம். ஆள் நின்று எடை பார்க்கும் மெஷினை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அதன் எதிரில் இன்னொரு ஸ்டூலில் உட்காருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கையை மெஷின் மேல் சும்மா வையுங்கள். ஊசி கொஞ்சம்தான் நகரும். இப்போது ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு, பைக் ஓட்டுவது போல முன்னால் சாய்ந்து கையை வையுங்கள். ஊசி விறுவிறுவென்று ஏறும். நிமிர்ந்து உட்காரும்போது தலை, நெஞ்சு, தோள் எல்லாவற்றின் எடையும் முதுகெலும்பு வழியாக இடுப்புக்கு இறங்கி சீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. சாய்ந்தால் அந்த எடை இடுப்புக்கு முன்னால் வந்துவிடும். தாங்க வேறு ஆள் இல்லை, கைதான் தாங்க வேண்டும். கழுத்துக்கும் இதே கதை. ஒரு பெரிய ஆளின் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். குனிந்தபடி ரோட்டைப் பார்க்க அந்தத் தலையைப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா ராத்திரி கழுத்தில் தைலம் தேய்க்கச் சொன்னதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படியானால் ரேஸ் ஓட்டுபவர்கள் மட்டும் ஏன் குனிந்து ஓட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். காரணம் காற்று. ரொம்ப வேகமாகப் போகும்போது எதிர்காற்று நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கும். அப்போது கையில் எடை குறைந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அதே காற்று ஆளைப் பின்னால் தள்ளும், ஹேண்டிலைத் தொங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவர்களுக்குக் குனிவதுதான் சரி. எங்க அப்பா நாற்பதில் ஐம்பதில் போகிறவர், கடைக்குக் கடை நிறுத்துகிறவர். அவரைத் தாங்க எந்தக் காற்றும் வராது.

1950, 60களில் இங்கிலாந்து இளைஞர்கள் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்கு வேகமாக ஓட்டிப் போவதற்காகவே ஹேண்டிலைத் தாழ்த்தி வைத்தார்கள். அந்த மாதிரி வண்டிகளுக்கு 'கஃபே ரேசர்' என்று பெயர் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு கூட்டம் ஹேண்டிலைத் தலை உயரத்துக்கு ஏற்றியது. குரங்கு கிளையில் தொங்குவது போல இருக்கும் என்பதால் அதற்குக் குரங்குத் தொங்கல் என்ற அர்த்தத்தில் 'ஏப் ஹேங்கர்' என்று பெயர்! இரண்டுமே பார்க்க நல்லாதான் இருக்கும். அதில் தினம் நூறு கிலோமீட்டர் போய் சோப்பு ஆர்டர் எடுக்கச் சொல்லிப் பார்க்கணும்.

நம்ம ஊர் உதாரணமே ஒன்று இருக்கிறது. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே சென்னை போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால் ஒரகடம். அங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கிறது. (சென்னை திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்த கம்பெனி அது.) 2018-இல் அந்தக் கம்பெனி இரண்டு பைக்குகளை ஒன்றாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒன்று இன்டர்செப்டர் 650, இன்னொன்று கான்டினென்டல் ஜி.டி. 650. இரண்டுக்கும் ஒரே 648 சி.சி. இன்ஜின். பெரிய வித்தியாசமே உட்காரும் முறையில்தான். இன்டர்செப்டரில் ஹேண்டில் அகலமாக, உயரமாக இருக்கும், ஆள் நிமிர்ந்து உட்காரலாம். ஜி.டி.யில் ஹேண்டில் தாழ்ந்து, கால் வைக்கும் இடமும் பின்னால் தள்ளி, ஆள் குனிந்து உட்காரணும். ஒரே இன்ஜினை வைத்துக்கொண்டு ஹேண்டிலுக்காக இரண்டு வண்டி செய்கிறார்கள் என்றால் அது எவ்வளவு முக்கியமான பொருள் என்று பாருங்கள்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். டாக்டர் சொன்னதும் அப்பா மறுநாளே ரோட்டோரத்தில் இருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டு, "ஹேண்டிலை நல்லா ஒசத்திக் குடுங்க" என்றார். அவர்களும் நல்லா உயர்த்திக் கொடுத்தார்கள். குட்டை ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, ஒரு சாண் உயரம் ஏறி இறங்கும் பெரிய ஹேண்டிலைப் போட்டார்கள். அரை மணி நேர வேலை. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து ராஜா மாதிரி வந்தார். தம்பி கைதட்டினான்.

மூன்றாம் நாள் கூட்டேரிப்பட்டில் மெயின் ரோட்டில் இருந்து இடது பக்கம் திரும்பும்போது, அப்பா ஆக்சிலேட்டரைத் திருகாமலே வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. எதிரில் பால் கேன் வைத்த சைக்கிள்காரர். அப்பா கால் பிரேக்கை மிதித்து, கிளட்சையும் பிடித்து எப்படியோ நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏன் அப்படி ஆனது? இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹேண்டில் என்பது வெறும் இரும்புக் குழாய் இல்லை. அதில் இருந்து ஆக்சிலேட்டர் ஒயர், கிளட்ச் ஒயர், முன் பிரேக் ஒயர், சுவிட்சுக்குப் போகும் கரண்ட் ஒயர்கள் எல்லாம் கீழே இறங்குகின்றன. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஒயருக்குப் பதிலாக எண்ணெய் போகும் ரப்பர் குழாய் இருக்கும். இவை எல்லாமே கம்பெனி வைத்த ஹேண்டிலின் உயரத்துக்கு அளவெடுத்து வெட்டியவை. ஹேண்டிலை ஒரு சாண் தூக்கினால் ஒயரும் ஒரு சாண் நீளமாக வேண்டும். அது தானாக வளராது. நேராகப் போகும்போது எப்படியோ எட்டிவிடும். இடது பக்கம் ஒடித்தால் வலது கைப்பிடி முன்னால் போகும். ஆக்சிலேட்டர் ஒயர் வலது கைப்பிடியில்தான் இருக்கிறது. அது விறைத்து இழுபடும். இழுபட்டால் யாரோ ஆக்சிலேட்டரைத் திருகியது போலத்தான், இன்ஜின் வேகம் கூடிவிடும். வலது பக்கம் ஒடித்தால் இதே மாதிரி இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் ஒயர் இழுபட்டு, கிளட்ச் பாதி பிடித்தது போல வழுக்கும். டிஸ்க் பிரேக் குழாய் இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அடுத்ததாக நாங்கள் போன மெக்கானிக் அண்ணன். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை மட்டும் இடது கோடியில் இருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்பணும். இன்ஜின் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் சரி. எந்தப் பக்கத்திலாவது சத்தம் ஏறினால் ஒயர் பத்தவில்லை அல்லது எங்கேயோ மடங்கிச் சிக்கி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. அவர் அப்பா வண்டியை இப்படித் திருப்பிக் காட்டியபோது, இடது கோடி வந்ததும் அது 'உர்ர்'ரென்று கத்தியது. "கேட்டியா பாப்பா? வண்டியே சொல்லுது பாரு" என்றார்.

இரண்டு கோடியிலும் ஹேண்டில் பெட்ரோல் டேங்கில் இடிக்கிறதா, விரல் நசுங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த அண்ணன் செய்த வேலை என்ன தெரியுமா? புதிதாக ஒன்றுமே இல்லை. அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த பழைய ஹேண்டிலையே தேடிப் பிடித்து மாட்டினார். அது குட்டை ஹேண்டிலை விட நாலு விரல் உயரம், கொஞ்சம் பின்னாலும் வளைந்து வரும். ஒயர்களும் அதற்கு அளவானவை என்பதால் இழுபடவில்லை. நாங்கள் 'உயர்த்தணும், உயர்த்தணும்' என்று அலைந்தது கடைசியில் இருந்த இடத்துக்கே திரும்பி வருவதற்குத்தான்!

பிறகு அப்பாவை வண்டியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக் கையைச் சாதாரணமாக நீட்டச் சொன்னார். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முழங்கை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடங்கி இருக்கணும். தோள் காது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. மணிக்கட்டு மேலேயோ கீழேயோ ஒடியாமல் கையோடு நேர்க்கோட்டில் இருக்கணும். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, குழாயையே அப்பா பக்கம் ஒரு துளி உருட்டினார். காசு செலவில்லாமல் உயரத்தை மாற்ற இது ஒரு வழி. ஆனால் குழாயை உருட்டினால் பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் சேர்ந்து உருண்டு மேலேயோ கீழேயோ பார்க்கும். அவற்றையும் தனியாகத் தளர்த்தித் திருப்பி வைக்க வேண்டும். விரலை நீட்டினால் நேராக லீவர் மேல் விழணும். போல்ட்டுகளை ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

இன்னும் உயரம் வேண்டும் என்பவர்களுக்கு 'ரைசர்' என்று ஒரு உலோகக் கட்டை விற்கிறது. ஹேண்டிலுக்கு அடியில் வைத்து நீளமான போல்ட் போட்டு இறுக்குவார்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறும். கட்டையின் உயரத்துக்கு ஏற்ப போல்ட்டும் நீளமாக இருக்க வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் நாலு மரைதான் பிடித்திருக்கும், ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஹேண்டில் கையோடு வந்துவிடும். குறைந்தபட்சம் போல்ட்டின் தடிமன் அளவுக்காவது மரை உள்ளே இறங்கி இருக்கணும். உள்ளே இருப்பது அலுமினியம் என்றால் அதைவிடவும் அதிகம். அப்பாவுக்கு ரைசர் தேவைப்படவில்லை.

உயரம் நல்லது என்றால் இன்னும் இன்னும் உயர்த்தலாமே என்று நினைக்க வேண்டாம். ரொம்ப நிமிர்ந்தால் ரோட்டுப் பள்ளத்தின் அடி எல்லாம் நேராக முதுகெலும்பின் அடியில் இறங்கும். கை நெஞ்சுக்கு மேலே போய்விட்டால் தூக்கியே வைத்திருக்க வேண்டும், சீக்கிரம் சோர்ந்துபோகும். லாரி பக்கத்தில் கடந்து போகும்போது வரும் காற்று முழு நெஞ்சிலும் மோதும். ஆள் பின்னால் போகப் போக முன் சக்கரத்தில் எடையும் குறையும். அந்த ஒரு சாண் ஹேண்டிலில் வண்டி முன்னால் லேசாக அலைவது போல இருந்தது என்று அப்பாவும் சொன்னார்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி சொல்லியபடி உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் திருத்திய சட்டத்தில் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று இருக்கிறது. அதனால் பெரிய மாற்றம் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது. டி.என். 32 என்றால் விழுப்புரம், டி.என். 16 என்றால் திண்டிவனம். நமக்கும் ஒரு வரி இருக்கிறது. கியர் பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். நம்ம வகுப்புப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் செய்வது எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.

நம்மிடம் இருப்பது சைக்கிள்தானே என்பவர்களுக்கு இது. பதினொன்றாம் வகுப்பில் எங்க அக்காவுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் அவளுக்கும் தோள்வலி. ஹேண்டிலின் கழுத்துக்கு மேல் ஒரு நீளமான போல்ட்டின் தலை தெரியும். அதை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, மேலே ஒரு மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால் உள்ளே உள்ள ஆப்பு விடுபடும். பிறகு ஹேண்டிலை மேலே இழுக்கலாம். தண்டில் எல்லைக்கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்கக் கூடாது. உள்ளே போதிய நீளம் இல்லை என்றால் மிதிக்கும்போது ஒடிந்துவிடும். இறுக்கிய பிறகு முன் சக்கரத்தை இரண்டு காலுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. சைக்கிளிலும் பிரேக் ஒயர் இருந்தால் இடது, வலது ஒடித்துப் பார்ப்பதை மறக்காதீர்கள். அக்காவுக்கு நானும் அப்பாவும் சேர்ந்து இரண்டு விரல் உயர்த்திக் கொடுத்தோம். தெரியாவிட்டால் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ஹேண்டில் மாற்றி ஏழு வாரம் ஆகிறது. டாக்டர் சொன்னபடி அப்பா விக்கிரவாண்டியில் ஒரு தடவை, மயிலத்தில் ஒரு தடவை வண்டியை நிறுத்திக் கையை உதறிக்கொள்கிறார். டீச்செலவு கூடிவிட்டது என்று அம்மா சொல்றாங்க. கழுத்துக்குத் தைலம் தேய்ப்பது நின்றுவிட்டது. மோதிர விரல் சரியாகிவிட்டது. சுண்டு விரல் மட்டும் சாயங்காலத்தில் இன்னும் கொஞ்சம் மரத்துப்போகிறதாம், நரம்பு ஆற நாள் ஆகும், அடுத்த மாதம் மறுபடியும் வரணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி நோட்டில் 6 எல்லாம் 6 ஆகவே இருந்தது. ஒரே ஒரு 1-க்கு மட்டும் வால் இருந்தது. அப்பாவை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி